கம்பம் நட்ட பிறகு ஊரை விட்டுப் போகக்கூடாது

கண்ணு,

உன் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. மூன்று தடவை பதில் எழுத உட்கார்ந்து மூன்று தடவையும் கிழித்துப் போட்டேன். இன்றைக்கு மத்தியானம் உங்கப்பா கஞ்சி குடித்துவிட்டுக் கண்ணயர்ந்த நேரம் பார்த்து மறுபடியும் உட்கார்ந்திருக்கிறேன். உனக்குத்தான் தெரியுமே, எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. இரண்டு வரி எழுதினால் எழுந்து போய் அடுப்பைப் பார்க்கத் தோன்றுகிறது. அடுப்பில் ஒன்றுமே இல்லை. அப்படியும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். கோவைப்பழம் மாதிரி சிவந்த கண்ணோடு உட்கார்ந்து அழுகிற அம்மா இல்லை நான், அதனால் பயப்படாமல் படி. ஆனால் கடைசி வரைக்கும் படி.

நீ இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். ஒன்று, நீ இருக்கிற அந்தக் குளிர் தேசத்து டவுன்ஷிப்பின் புத்தகம். ஊர் உண்டாகி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதென்று கொண்டாடப் போகிறார்கள், ஒவ்வொரு குடும்பமும் தான் எங்கிருந்து வந்தது, எப்படி அந்த ஊர்க்காரர்கள் ஆனது என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும், உன்னையும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள், விழா மேடையில் நீயே வாசிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். தமிழில் எழுதி அனுப்பியிருக்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள், பிறகு இங்கிலீஷில் போட்டுக்கொள்கிறேன் என்றும் சொல்லியிருந்தாய். இரண்டாவது விஷயம், வாதம் வந்து படுத்திருக்கிற அப்பாவைப் பார்க்க உடனே வரட்டுமா, இல்லை விழா முடிந்து இரண்டு மாதம் கழித்து வரட்டுமா என்பது. இரண்டாவதற்கு நான் ஃபோனிலேயே பதில் சொல்லிவிட்டேன். "அப்பா நல்லாத்தான் இருக்காங்க கண்ணு, நீ விழாவை முடிச்சுக்கிட்டு வா" என்று ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னேன். அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் முதல் விஷயத்தின் வழியாகத்தான் அதற்கு வர முடியும், பொறுத்துக்கொள்.

உன் டவுன்ஷிப்பைப் பற்றி நீ எழுதியதை நான் நாலு தரம் படித்தேன். முதலில் காட்டை வெட்டிக் குடியேறினவர்கள் ஒரு கூட்டம், பிறகு கல் பொறுக்கி வயலாக்கினவர்கள் ஒரு கூட்டம், உலகச் சண்டை முடிந்த பிறகு மாடுகளோடு வந்தவர்கள் ஒரு கூட்டம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சர்ச், ஒரு கல்லறைத் தோட்டம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் வந்த குடும்பத்தை இன்னும் 'புதுசா வந்தவங்க' என்றுதான் சொல்கிறார்கள் என்று சிரித்து எழுதியிருந்தாய். எல்லாருக்கும் முன்னால் அந்த மண்ணில் இருந்தவர்களுக்குப் புத்தகத்தில் ஒரே ஒரு பத்தி என்றும் எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பனியும் பைன் மரமும் எடுத்துவிட்டால் அது அப்படியே நம்ம ஊர் என்று தோன்றியது. பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே வந்தால் முதலில் தோட்டத்துக்காரர் வீதி, அப்புறம் வேல் போட்ட கதவுகளோடு தறிக்காரர் வீதி, ஓடைக்கு அந்தப் பக்கம் சர்ச் வீதி. கிணறு வற்றி, பருத்திக் காட்டில் எல்லாம் ஷெட் எழும்பின பிறகு தெற்கத்திக்காரர்கள் வாடகைக்கு இருக்கிற லைன் வீடுகள். இப்போது அந்த லைன் வீடுகளிலும் இந்தி பேசுகிற பையன்கள் ஐந்தாறு பேர் வந்திருக்கிறார்கள்.

சரி, உன் பக்கத்துக்கு வருகிறேன். "எங்கள் குடும்பம் ஆதியிலிருந்தே அந்த ஊரைச் சேர்ந்தது" என்று ஆரம்பித்திருக்கிறாய். அதுவே தப்பு. உங்கப்பாவின் அப்பா குண்டடம் பக்கம் மழை பொய்த்துப் போய், இரண்டு மாட்டோடு இங்கே வந்து தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்தவர். சொந்தக்காரர்கள் இங்கே இருந்தார்கள், அதனால் கோயில் வரியை அவரிடம் வாங்கிக்கொண்டார்கள். வரி வாங்கிக்கொண்டால் ஊர்க்காரன், அவ்வளவுதான் கதை. ஆதியாம் ஆதி! அதை அடித்துவிடு. ஆனால் என்னைத் தூங்கவிடாதது அது இல்லை. கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், "தெற்கிலிருந்து பிழைக்க வந்தவர்களை எங்கள் ஊர் தன் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டது, எங்கள் கம்பெனியில் வேலை செய்த இசக்கி அண்ணன் அதற்குச் சாட்சி" என்று. அந்த வரியை நான் அச்சில் வரவிட முடியாது. ஏன் என்று சொல்கிறேன். உங்கப்பாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

எண்பதுகளின் நடுவில் நம்ம பனியன் ஷெட்டில் மொத்தம் எட்டு மெஷின். உங்கப்பா வெளி வேலைக்கு அலைவார், காதர்பேட்டை மார்க்கெட், சாயப்பட்டறை, பேங்க் என்று. உள் வேலை முழுக்க நான். கட்டிங் மாஸ்டர் சர்ச் வீதி அருளப்பன், பேட்லாக் மெஷினில் இசக்கி. பனியனின் கையும் அடியும் மடித்துத் தைக்கிற மெஷின் அது. அது நின்றால் மற்ற ஏழும் ஓடிப் பிரயோஜனம் இல்லை. இசக்கி கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் காட்டு ஊர். வந்த புதிதில் அவன் பேசுவது எங்களுக்கு வேடிக்கை, நாங்கள் 'ங்க' போட்டுப் பேசுவது அவனுக்கு வேடிக்கை. "என்னக்கா, நாயக் கூட வாங்க போங்கன்னுதான் கூப்பிடுவீயளா?" என்று கேட்டுவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரிப்பான். நல்ல கைக்காரன். எனக்கு அவன்மேல் பிரியம் உண்டு. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். பிரியம் இல்லாமல் செய்த காரியம் இல்லை அது, அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் அரிக்கிறது.

அவனுக்கு ஒரே ஒரு ஆசை. மாரியம்மன் கோயில் கம்பத்தைச் சுற்றி ஆட வேண்டும். உனக்கு ஞாபகம் இருக்கும், பூச்சாட்டித் திருவிழா தொடங்கி, மூன்று கிளை உள்ள மரத்தை வெட்டி வந்து கோயில் முன்னால் கம்பமாக நட்டுவிட்டால் பதினைந்து நாள் காலையில் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம், பொழுது சாய்ந்தால் ஆண்கள் அடி எடுத்து வைத்து ஆடுவார்கள். கம்பம் பிடுங்குகிற வரைக்கும் ஊர்க்காரர்கள் யாரும் வெளியூரில் போய்த் தங்கக்கூடாது. கல்யாணமோ காரியமோ, போனாலும் பொழுதோடு ஊருக்குள் வந்துவிட வேண்டும். அந்தக் கட்டை மீறினால் அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று பயம். இசக்கி இரண்டு வருஷம் ஓரமாக நின்று பார்த்தான். மூன்றாம் வருஷம் ஆட்டத்தில் இறங்கினான். முதல் நாள் அவன் போட்ட அடியைப் பார்த்து ஊரே சிரித்தது, நானும்தான். ஆனால் யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

அந்த வருஷம் கம்பம் நட்ட மூன்றாம் நாள் அவன் கையில் ஒரு இன்லேண்ட் லெட்டரோடு என் முன்னால் வந்து நின்றான். "எங்க ஐயாவுக்கு மேலுக்கு முடியலயாம்க்கா. என்னையப் பாக்கணும்னு சொல்லுதாவளாம். ஒரு நாலு நாள் போயிட்டு வந்துரட்டுமா?" என்றான். எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆயிற்று. ஷிப்மெண்ட்டுக்குப் பத்தே நாள். இரண்டு லாட் பனியன் போக வேண்டும், நமக்கு வந்த முதல் எக்ஸ்போர்ட் வேலை அது, பேட்லாக்குக்கு வேறு ஆள் இல்லை. போகாதே என்று நேராகச் சொல்லியிருக்கலாம். திட்டியிருக்கலாம். அவனும் சண்டை போட்டுவிட்டு பஸ் ஏறியிருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏன் இசக்கி, கம்பம் நட்டாச்சே. நீயும் ஆட்டத்துல இறங்கிட்ட. இப்ப நீயும் நம்மூர்க்காரந்தானப்பா. ஊர்க்காரன் வெளியூர் போய்த் தங்கலாமா? கம்பம் புடுங்குன அடுத்த நாளே நானே உன்னைய பஸ் ஏத்தி உடறேன்" என்றேன்.

வாயில் அது எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. யோசித்துச் சொல்லவில்லை, ஆனால் சொன்ன கையோடு அது வேலை செய்ததைப் பார்த்துவிட்டேன். அவன் அந்த லெட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, "ஆமால்லாக்கா, எனக்கும் உண்டுல்லா" என்றான். எனக்கும் உண்டு! முகமெல்லாம் பூரித்துப் போய் அந்த லெட்டரை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மெஷினில் போய் உட்கார்ந்தான். அன்று சாயங்காலம் அவன் ஆடின ஆட்டத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, அடி சுத்தமாக விழுந்தது.

எட்டாம் நாள் முதல் லாட் தயார். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற லாரி அது. அட்டைப் பெட்டிகளை இசக்கிதான் நின்று ஏற்றினான். "இந்த லாரி எங்க ஊர் விலக்கு வழியாத்தாம்க்கா போவும்" என்று டிரைவரிடம் வழி சொல்லிக்கொண்டிருந்தான். அருளப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்க்கா, இந்த லாரியிலயே அவன ஏத்தி உட்டுருங்க. நாளைக்கு மறுநா வந்துருவான். பேட்லாக்க நான் தட்டுத்தடுமாறி ஓட்டிப் பாக்கறேன். பாவமுங்க, பெத்த அப்பன் கேக்குது" என்றார். "கம்பம் நட்டிருக்கிறப்ப எப்படி மாஸ்டர் போறது?" என்றேன் நான். அவர் என் முகத்தையே பார்த்தார். பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து இந்த ஊரிலேயே இருக்கிற மனுஷன், கம்பத்தின் கட்டு யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று அவருக்குத் தெரியாதா? எனக்கும்தான் தெரியும். அவர் கத்திரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். லாரி போயிற்று.

அடுத்த நாள் காலை தந்தி வந்துவிட்டது. இசக்கியின் ஐயா போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவன் அழவில்லை கண்ணு. பையை எடுத்துக்கொண்டு நேரே பஸ் ஸ்டாப்புக்குப் போகாமல் கோயிலுக்குப் போனான். நான் பின்னாலேயே ஓடினேன். தீட்டு என்பதால் தூரத்தில் வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டான். தர்மகர்த்தா வெளியே வந்தார். "மன்னிச்சிருங்க சாமி. கம்பம் நட்டிருக்கு, நான் போவக்கூடாது. எங்க ஐயா தவறிட்டாவ, கொள்ளி வைக்க நான்தான் ஒருத்தன். தெய்வக்குத்தம் ஆயிராம என்ன செய்யணும்னு சொல்லுங்க, செஞ்சிட்டுப் போறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அந்தப் பெரியவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மனசு இளகிவிட்டது. "அடப் பாவமே, போ கண்ணு, வெரசலாப் போ. அதுக்கு எதுக்கு இங்க வந்து நிக்கற? கம்பத்துக் கட்டெல்லாம் ஊர்க்காரங்களுக்குத்தான். பொழைக்க வந்தவங்களுக்கு ஏது கட்டு? உனக்கு யாரு சொன்னது? நீ அன்னைக்கே போயிருக்கலாமே சாமி" என்றார்.

இசக்கி திரும்பி என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அப்படி இல்லையா அக்கா என்று கேட்கிற மாதிரி பார்த்தான். நான் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தரையைப் பார்த்தேன். அவன் போய்விட்டான். அவன் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள், பங்காளி மகன் ஒருவன்தான் கொள்ளி வைத்தானாம்.

பதினாறாம் நாள் காரியம் முடித்து மொட்டைத் தலையோடு திரும்பி வந்தான். மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு உட்கார்ந்தான். அதற்கப்புறம் நம்மிடம் ஆறு வருஷம் வேலை பார்த்தான். ஆனால் ஒவ்வொரு வருஷமும் கம்பம் நடுகிற அன்றைக்குப் பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவான், பிடுங்கின மறுநாள்தான் வருவான். அப்பாவுக்குத் திதி கொடுக்கப் போகிறான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். பதினைந்து நாள் யாராவது திதி கொடுப்பார்களா? உங்கப்பா ஒருநாள், "ஏனம்முணி, இவன் சரியாச் சாட்டுச் சமயத்துலயே போறானே, என்னவாம்?" என்று கேட்டார். எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டேன். நல்ல பொம்பளைதான் நான்!

இதுதான் நம்ம ஊர் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்ட லட்சணம். ஊரைக்கூடக் குற்றம் சொல்லமாட்டேன். ஊர் அவனை ஊர்க்காரன் என்று சொல்லவே இல்லை, சொன்னது நான். எனக்கு ஆள் வேண்டியிருந்தது, அதனால் சொன்னேன். இதை எழுதின கையோடு எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டு வந்தேன். மனசு ஒரு நிலையில் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை உன் பக்கத்தை எடுத்துக்கொண்டு அருள்புரம் போனேன். இசக்கி இப்போது அங்கே நாலு மெஷின் சொந்தமாகப் போட்டிருக்கிறான், தெரியும் உனக்கு. அவனைக் கேட்காமல் அவன் பெயரை எங்கோ கண்காணாத தேசத்துப் புத்தகத்தில் போடுவது சரியில்லை என்று பட்டது. வாசித்துக் காட்டினேன். அந்தக் கடைசி வரி வந்ததும் காகிதத்தை மடித்துவிட்டேன். "இசக்கி, அன்னைக்கு நான் சொன்னது பொய்யுப்பா. தெரிஞ்சேதான் சொன்னேன்" என்றேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் சுமந்த வார்த்தை, சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவன் நூல் கண்டை மாட்டிக்கொண்டே, "தெரியும்க்கா. அன்னைக்கே தெரியும்" என்றான். "உங்க மேல வருத்தம் இல்லன்னு சொல்லமாட்டேன். இருக்கு. இருந்துட்டுப் போவட்டும்" என்றான். மன்னித்துவிட்டேன் என்று சொல்வான் என்று எதிர்பார்த்துத்தான் போனேன் போலிருக்கிறது. சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடனும் அவனுக்கில்லை.

டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு, "அண்ணனுக்கு எப்படி இருக்கு? தம்பி எப்ப வாரான்?" என்று உங்கப்பாவையும் உன்னையும் பற்றிக் கேட்டான். "அவன் எங்க இப்ப வர்றது? அங்க ஊர் விழா. அந்த ஊர்க்காரங்க அவனை மேடையேத்தி வாசிக்கச் சொல்லியிருக்காங்க, வெள்ளைக்காரங்களே நம்ம பையன நம்மூர்க்காரன்னு சொல்றாங்களாமா! அதை உட்டுப்போட்டு எப்படி வருவான்? நாந்தான் முடிச்சுக்கிட்டு வான்னு சொல்லிட்டேன்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். இசக்கி மெஷினை நிறுத்தினான். "அண்ணன் தம்பியக் கேக்காவளா?" என்றான். "தெனமும் கேக்கறாங்க" என்றேன். அவன், "நீங்க மாறவே இல்லக்கா. அன்னைக்கு என்னைய ஊர்க்காரன்னு சொல்லி நிப்பாட்டுனீய. இன்னைக்கு தம்பிய அந்த ஊர்க்காரன்னு சொல்லி நிப்பாட்டுதீய" என்றான்.

வந்த டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது, உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே வந்தேன்.

உன்னை அந்த ஊர்க்காரர்கள் பிரியமாகத்தான் கூப்பிட்டிருப்பார்கள், அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ அங்கே நன்றாக இரு, அவர்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்கிற வரைக்கும் இரு. ஆனால் ஒன்று மட்டும் மனசில் வைத்துக்கொள். உன்னை ஊர்க்காரன் என்று யார் சொன்னாலும், எதற்காகச் சொல்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் பார். நிற்க வைப்பதற்காகச் சொன்னால், அது உன்னைப் பெற்றவளே ஆனாலும், நம்பாதே. அந்தப் பக்கத்தில் நான் சொன்னதை எல்லாம் எழுது. கூச்சப்படாமல் என்னையும் எழுது. கிளம்பும்போது இசக்கி வாசல் வரைக்கும் வந்து, "தம்பி எழுதுனா எங்க ஐயா பேரையும் போடச் சொல்லுங்க. கொம்பையா" என்றான். போட்டுவிடு. விழாவில் வேறு யாராவது வாசிக்கட்டும்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். அப்பா நன்றாக இல்லை கண்ணு. வலது கை வரவே இல்லை. பேச்சு குழறுகிறது. போன வாரத்திலிருந்து என்னை யாரென்று சில சமயம் தெரியவில்லை, ஆனால் வாசலில் வண்டி நின்றால் தலையைத் திருப்பி "தம்பியா?" என்று கேட்கிறார். அது மட்டும் தெளிவாக வருகிறது. டாக்டர் நாள் எதுவும் சொல்லவில்லை, சொல்லாமல் என் முகத்தைப் பார்க்காமல் போகிறார்.

இந்தக் கடிதத்தைக் கூரியரில் கொடுத்துவிட்டு நேரே ஃபோன் பூத்துக்குப் போகிறேன். 'வா' என்று மட்டும் சொல்வேன். ஏம்மா திடீரென்று என்று நீ கேட்பாய். பூத்துக்காரனும் வரிசையில் நிற்கிறவர்களும் பார்த்துக்கொண்டிருக்க இத்தனையும் என் வாயில் வராது, வைத்துவிடுவேன். அதற்குப் பதில்தான் இது. கூரியர் வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள். அதற்குள் நீ கிளம்பியிருக்க வேண்டும். உன் வீட்டுக் கதவுக்குக் கீழே இது பிரிக்காமல் கிடக்க வேண்டும், எடுத்துப் படிக்க நீ அங்கே இருக்கக்கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா